பதினோராங்கட்டை அருவியின் அழகுச் சரிவு

1

1943-ஆம் ஆண்டு ஜூலை மாதம் 5-ஆம் நாள், திங்கட்கிழமை. குளுவாங்கிலிருந்து காஹாங் செல்லும் சாலையில் பதினோராங்கட்டையில், அதாவது பதினோராவது மைலில், உள்ளே திரும்பினால் வரும் ஊசிப்பாறைத் தோட்டம். வேலையாட்கள் நிரையாக நின்று பெயர் கொடுக்கும் பெரட்டுக் களத்தில் நேரம், வானத்தைப் பார்த்தால் ஐந்தரை. ஆபீசுக் கடிகாரத்தைப் பார்த்தால் ஏழு. அந்த ஆண்டில் ஜொகூர் முழுவதும் தோக்கியோவின் மணிக்கு எழுந்து தோக்கியோவின் மணிக்குப் படுத்தது. களத்துப் பலகையில் ஒட்டியிருந்த அறிவிப்பில் ஆண்டு 2603 என்று கண்டிருந்தது. அதுவும் அவர்கள் கணக்கே.

தோட்டத்து எழுத்தர் தோமஸ் கிராணி அறிவிப்பைத் தமிழில் சொன்னார். அருவிக்கு எதிரே ஓர் ஓய்வு மாளிகை எழும்பும். குளுவாங் விமானத் தளத்திலிருந்தும், ஷோனான் என்று பெயர் மாற்றப்பட்ட சிங்கப்பூரிலிருந்தும் அதிகாரிகள் நீராடவும் இளைப்பாறவும் வருவார்கள். அருவி வரை சடக்கு, அதாவது வண்டிச் சாலை, போடப்படும். சடக்கு வந்தால் தோட்டத்துக்கு வளர்ச்சி வரும். அருவியை ஒட்டிய சரிவில் ஆட்கள் போட்டிருக்கும் மரவள்ளி முழுவதையும் ஒரு வாரத்துக்குள் பிடுங்கிவிட வேண்டும். மாளிகையின் முன்வாசலிலிருந்து பார்க்கையில் அது கண்ணுக்கு நன்றாக இல்லை.

கதை எங்கிருந்து வந்தது என்பதை முதலிலேயே ஒப்புக்கொள்வது முறை. 1991-ஆம் ஆண்டு மார்ச்சு 12-ஆம் நாள், அந்த அருவிக்குச் சுற்றுலா வருவோருக்காக வைக்கப்படவிருந்த விளக்கப் பலகையின் தமிழ்ப் பகுதியைத் திருத்தித் தருமாறு என்னிடம் ஒரு தாளைக் கொடுத்தார்கள். "இயற்கை எழில் கொஞ்சும் இவ்வருவிக்கு 1943-இல் படிக்கட்டும் ஓய்வு மாளிகையும் அமைக்கப்பட்டன. அதன்வழி இவ்வட்டாரம் வளர்ச்சி கண்டது." பிழை ஒன்றும் இல்லை, சந்திகூடச் சரியாக இருந்தது. ஆயினும் தாளைத் திருப்பிக் கொடுக்க மனம் ஒப்பவில்லை. குளுவாங்கில் மகள் வீட்டில் இருந்த கிருஷ்ணம்மாவைத் தேடிப் போனேன். அவர் அக்காலத்தில் ஊசிப்பாறையில் இருந்தவர். அந்த மாளிகையின் குசினியில் சமைத்தவர்.

"சரிவுல சக்கரவள்ளி நட்டோம்மா. ரொம்ப அழகா நட்டுப்புட்டோம். அதான் வெனையாப் போச்சு," என்றார்.

இதுவும் இன்னும் சில வாக்கியங்களுமே அவர் தந்தவை. மற்றவை நான் கட்டியவை. கட்டிய இடங்களைச் சுண்ணாம்பு பூசி மறைக்கப் போவதில்லை.

2

முதல் தொடக்கம்: "வெள்ளி உருகி வழிவதுபோல் விழுந்துகொண்டிருந்த அருவி அன்று என்ன நினைத்ததோ—" [நிறுத்தினேன். அருவி ஒன்றும் நினைக்காது. இது பலகைக்காரர்களின் தமிழ், அவர்களிடமே இருக்கட்டும்.]

இரண்டாம் தொடக்கம்: "லயத்துக் குழந்தைகளின் பாதங்கள் வீங்கி, அழுத்திய இடத்தில் விரலின் குழி அப்படியே—" [நிறுத்தினேன். இது உண்மை. அரிசி நின்று, மரவள்ளியே மூன்று வேளைச் சாப்பாடு ஆன பிறகு தோட்டங்களில் பல குழந்தைகளின் கால்கள் இப்படி வீங்கின. ஆனால் இக்கதையில் வேடிக்கை பார்க்க வருகிறவர்கள் ஏற்கெனவே போதிய அளவு இருக்கிறார்கள். வாசகருக்கும் ஒரு நாற்காலி போட்டு அந்தக் கால்களைக் காட்ட மாட்டேன். தொழிலாளர் வரிசைவீடுகளான லயத்தில் நாற்பது குழந்தைகள், பசி. இவ்வளவு தெரிந்தால் போதும்.]

மூன்றாம் தொடக்கம் நிலைத்தது. அது ஒரு கேள்வி. கேட்டவர் பேச்சியம்மாள், வயது முப்பத்தெட்டு, புல்வெட்டுக் கூட்டத்தின் இருபத்திரண்டு பெண்களுக்கு முன்னால் நிற்பவர். (மண்வெட்டி பிடித்தவர் என்பதற்காக அவரை 'அவள்' என்று எழுத மாட்டேன். அதிகாரிக்கு 'அவர்' என்றால் பேச்சியம்மாளுக்கும் 'அவர்'தான். இதில் பேச்சுக்கு இடமில்லை.)

"கிராணியாரே, மரவள்ளியப் புடுங்கிட்டு அங்க என்னதான் வெப்பாங்களாம்?"

"பச்சையா ஏதாச்சும். கண்ணுக்குக் குளிர்ச்சியா இருக்கணுமாம்."

"எங்க வவுத்துக்கு?"

தோமஸ் கிராணி அறிவிப்பை நான்காக மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்தார். "அத நான் எந்தப் பாஷையில போயிக் கேக்குறது, பேச்சி?"

பெண்கள் சிலர் சிரித்தனர். கிராணியும் சிரித்திருப்பார், ஆனால் பேச்சியம்மாள் சிரிக்கவில்லை. மரவள்ளி போட்டது தன்னிச்சையாக அன்று. வெறும் நிலம் கண்ட இடமெல்லாம் கிழங்கு நடுங்கள் என்று முந்திய ஆண்டு ஊர் ஊராக அறிவித்தவர்கள் இதே அரசாங்கத்தார். அருவிச் சரிவு அப்போது வெறும் நிலமாக இருந்தது. பார்ப்பதற்கு ஆள் வருகிறான் என்றதும் அது 'காட்சி' ஆகிவிட்டது.

மாட்டோம் என்று ஏன் ஒருவரும் சொல்லவில்லை என வாசகர் கேட்கலாம். சொல்லாததற்கு ஒரு லாரி காரணம். அந்த லாரி மாதத்துக்கு ஒரு முறை வந்து, சயாமில் ரயில்பாதை போடுவதற்கென ஆண்களை ஏற்றிக்கொண்டு போனது. திரும்பி வந்தவர் எவரும் இல்லை. மாளிகை வேலையிலும் படிக்கட்டு வேலையிலும் இருப்பவர்களை லாரி தொடாது என்று அறிவிப்பின் கடைசி வரி சொன்னது. பேச்சியம்மாளின் கணவர் வீரமுத்து கல் கொத்தத் தெரிந்தவர். அன்றே அவர் பெயர் படிக்கட்டு வேலையில் ஏறியது.

மரவள்ளி பிடுங்கப்பட்டது. அவ்வாண்டு மறுபடி நட்டது; விரல் பருமன்கூட ஆகாத கிழங்கு. லயம் முழுவதும் பத்து நாளில் தின்று தீர்த்தது.

3

மாளிகை கட்ட வந்த ஜப்பானிய அதிகாரிக்கு ஒரு பெயர் வைத்துப் பார்த்தேன். வைத்த மறுகணமே கதை அவரை நோக்கி நகரத் தொடங்கியது; ஊரில் எல்லாமே அவரை நோக்கி நகர்ந்ததுபோல. பெயரை எடுத்துவிட்டேன். அவர் கொடியவர் என எழுதினால் வேலை எளிது. ஆனால் கிருஷ்ணம்மா அப்படிச் சொல்லவில்லை. அதிகாரி ஒருவரையும் அறையவில்லை. குழந்தைகளுக்கு மிட்டாய் கொடுத்தார். அருவியின் முன் தொப்பியைக் கழற்றி நெடுநேரம் நிற்பார். சடக்கு, மாளிகை, விருந்தினர், கடை, சலவைக்கூலி என ஒன்றின்பின் ஒன்றாக வரும் நன்மைகளை அவர் உண்மையாகவே நம்பினார்.

அவர் நம்பாத ஒன்று மழை. ஜூலை இறுதியில் மூன்று பிற்பகல்கள் விடாமல் பெய்தது. மரவள்ளி இல்லாத சரிவு கரைந்து, செம்மண் முழுவதும் நீராடும் குளத்தில் இறங்கியது. குளம் தேநீர் நிறமாயிற்று. அதிகாரி கரையில் நின்று தம் காலணியைப் பார்த்தார், சரிவைப் பார்த்தார், பிறகு தோமஸ் கிராணியைப் பார்த்தார். கிராணி பேச்சியம்மாளைக் கூப்பிட்டனுப்பினார்.

பேச்சியம்மாளுக்கு இதில் யோசிக்க ஒன்றும் இல்லை. கன்றுக் கித்தா, அதாவது இளம் ரப்பர், நட்ட சரிவில் மண் ஓடாமல் இருக்க இடையே படரும் கொடி விடுவது தோட்டத்து வழக்கம். பதினைந்து ஆண்டுகளாக அவர் செய்துவந்த வேலையே அது.

"கன்னு கித்தாவுக்கு நடுவுல கொடி விடுவோமில்ல, அந்த மாதிரி விடலாம்னு தொரகிட்டச் சொல்லுங்க. மண்ணப் புடிச்சுக்கும். பச்சையா இருக்கும். பூக்கூடப் பூக்கும்."

"எந்தக் கொடி?"

"கொடின்னா கொடிதான்."

"பேச்சி. எந்தக் கொடின்னு கேட்டேன்."

"நீங்க வேதக்காரரு. தெரிஞ்சுக்கிட்டுப் பொய் சொல்றதுன்னா சூசாப் படுவீங்க, மனசு கேக்காது. தெரியாமலே சொல்லிருங்க."

[தோமஸ் கிராணியை முதல் வரைவில் கோழையாக எழுதியிருந்தேன். இந்த இடத்தில் அவர் தயங்கி, வியர்த்து, கைக்குட்டையை எடுப்பார். அப்பத்தியைக் கிழித்தேன். இரு தரப்புக்கும் நடுவில் நிற்கிறவர் கோழையாகத்தான் இருக்க வேண்டும் என்பது கதைகளின் சோம்பேறித்தனம்.]

அவர் தயங்கவில்லை. பேச்சியம்மாளை ஒரு முறை நன்றாகப் பார்த்துவிட்டு மலாயில் சொன்னார். அதிகாரியுடன் வந்தவர் மலாயைக் கேட்டு ஜப்பானிய மொழியில் சொன்னார். இரண்டு மொழிகளைத் தாண்டி அதிகாரியின் காதை அடைந்தபோது அதில் இலை இருந்தது, பூ இருந்தது, கிழங்கு இல்லை.

அதிகாரி தலையசைத்தார்.

4

இனி அந்தத் தவறு. புல்வெட்டுக் கூட்டத்தாரைத் தவிர வேறு எவரும் செய்திருக்க முடியாத தவறு.

மறைத்துப் பயிரிடுகிறவர் எப்படிப் பயிரிட வேண்டும்? அங்கொன்றும் இங்கொன்றுமாக, ஏனோதானோவென்று, ஒருவரும் திரும்பிப் பார்க்காதபடி. இருபத்திரண்டு பேருக்கும் இது தெரியும். ஆனால் அவர்கள் கைக்குத் தெரியவில்லை. சரிவில் கால் வைத்ததும் கயிறு பிடித்தார்கள், முளை அடித்தார்கள். சரிவின் வளைவுக்கு வளைந்து, மேட்டுக்கு மேடாய், நிரைக்கு நிரை ஒரே இடைவெளியில் சர்க்கரைவள்ளித் தண்டுகளை நட்டார்கள். கோணலாக நட அவர்களுக்குத் தெரியாது.

அப்போது கூட்டத்தில் இருந்த கிருஷ்ணம்மாதான் அலுத்துக்கொண்டார். வயது இருபத்தேழு, வாய் அறுபது. "அக்கா, கெழங்குக்குக் கண்ணு கெடையாது. நிரை கோணலா இருந்தா அது ஒண்ணும் கோவிச்சுக்காது."

"எனக்குக் கண்ணு இருக்குல்ல? அந்த நாலு தண்டையும் எடுத்துத் திரும்ப நடு."

"தொரை வந்து நோட்டுல மார்க்குப் போடப் போறானா?"

"நட்டுட்டுப் பேசு, கிருஷ்ணி."

கொடி படர்ந்தது. நுனித்தளிரைக் கீரைக்கென நாள்தோறும் கிள்ளினார்கள்; கிள்ளக் கிள்ளக் கிளைத்து, சரிவு முழுவதும் மெத்தைபோல் மூடிக்கொண்டது. செப்டம்பரில் இளஞ்சிவப்பும் வெண்மையுமாகப் பூத்தது. குளம் தெளிந்தது. அதிகாரி முன்வாசலில் நாற்காலி போட்டு அமர்ந்து, அருவியைப் பார்க்க வந்தவர் சரிவைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

மறுநாள் சரிவைச் சுற்றிக் கயிறு கட்டப்பட்டது. உள்ளே எவரும் கால் வைக்கக் கூடாது, தளிரைக்கூடத் தொடக் கூடாது எனப் பலகை நின்றது. பக்கத்தில் ஒரு காவலாளும் நின்றார். நவம்பர் 3-ஆம் நாள் அவர்கள் நாட்டுத் திருநாள். அன்று மாளிகைத் திறப்பு. ஷோனானிலிருந்து பெரியவர்கள் வருகிறார்கள். இந்தச் சரிவு என்றைக்கும் இப்படியே இருக்கும். தோமஸ் கிராணி இதைப் பெரட்டுக் களத்தில் வாசிக்கும்போது தாளிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

கோணல்மாணலாக நட்டிருந்தால் ஒருவரும் கயிறு கட்டியிருக்க மாட்டார்கள்.

இதற்கிடையில் வளர்ச்சி வந்ததா என்றால், வந்தது. மறைக்க மாட்டேன். சடக்கு வந்தது. லாரியில் மாளிகைக்கு அரிசி வந்தது. கிருஷ்ணம்மாவுக்குக் குசினி வேலை கிடைத்தது. மூன்று பெண்கள் விருந்தினர் துணி வெளுத்துக் கூலியாக உப்பு வாங்கினார்கள். அந்தச் சவுக்காரத் தண்ணீர் ஓடையில் இறங்கி லயத்தை அடைந்தது. குடிநீருக்கு மேட்டுக் கிணறு வரை நடக்க வேண்டியதாயிற்று. சயாம் லாரியும் அந்தப் புதுச் சடக்கிலேயே வந்தது. முன்பு ஆபீசு வாசலோடு நின்றது. இப்போது லயத்து வாசல் வரை வந்தது. (ரயில்பாதை அக்டோபர் நடுவிலேயே இணைந்துவிட்டது என்று இன்று புத்தகங்கள் சொல்கின்றன. ஊசிப்பாறையில் அதை அறிந்தவர் எவரும் இல்லை. என் பாத்திரங்களுக்குத் தெரியாத ஆறுதலை அவர்களுக்கு நான் ஊட்ட மாட்டேன்.)

இங்கே எனக்கு ஓர் ஐயம் எழுந்து இரண்டு வாரம் பேனாவைத் தொடவிடவில்லை. ஜப்பானில் சர்க்கரைவள்ளி உண்டு. ஏழை எளியவர் வீட்டு உணவே அது. அதிகாரிக்கு அந்த இலை தெரியாமல் இருந்திருக்குமா? தெரியாது என்றால்தான் என் கதை நிற்கும். மீண்டும் கிருஷ்ணம்மாவிடம் போனேன்.

"ஏன் தெரியாது?" என்றார் அவர். "ஒரு நா சக்கரவள்ளி அவிச்சு வெச்சேன். தோல உரிச்சு, கண்ண மூடிக்கிட்டுத் தின்னான். அவங்கம்மா அவிச்சுக் குடுப்பாங்களாம். எங்கேர்ந்து வந்துச்சுன்னு கேக்கல."

ஆக, அறிந்தே கயிறு கட்டினார். கதை விழவில்லை, கனத்தது. கயிற்றுக்கு உள்ளே இருப்பது உணவு என்றும், வெளியே இருப்பது பசி என்றும் தெரிந்த ஒருவர், நாற்காலியில் அமர்ந்து பூவைப் பார்த்தார். அவரை இதற்கு மேல் நான் விளங்கிக்கொள்ள முயலப் போவதில்லை.

5

அக்டோபர் 31, ஞாயிற்றுக்கிழமை. நட்டு ஏறத்தாழ மூன்று மாதம் ஆகியிருந்தது. கயிற்றோரத்துக் கொடியொன்றின் அடியைப் பேச்சியம்மாள் பாத்தி ஓரமாகக் காலால் நெருடிப் பார்த்திருந்தார். கிழங்கு முழங்கைக் கனம். மேல்தோலில் வண்டு துளைத்த புள்ளிகளும் தெரிந்தன. வண்டு ஒரு புறம்; நவம்பர் பாதியில் வரும் பெருமழை மறுபுறம். இன்னும் இரண்டு வாரம் விட்டால் உள்ளே இருப்பது அழுகல்.

அன்று நண்பகலில் வீரமுத்து சோற்றுக்கு வந்தார். சோறு என்பது வழக்கச் சொல். தட்டில் இருந்தது மரவள்ளி மாவு.

"இன்னும் நாலு படிதான் பேச்சி."

"மெதுவா கொத்துங்க."

"கொத்திப் பாத்துட்டேன். நேத்து பக்கத்துல வந்து நின்னு உளியவே பாத்துக்கிட்டு இருந்தான்."

"நாலு படி முடிஞ்சா?"

"முடிஞ்சா நான் கல்லு வேலக்காரன் இல்ல. வெறும் ஆளு."

வெறும் ஆள் லாரிக்கு.  மாளிகை வேலை இருக்கும்வரைதான் மாளிகையின் தயவு. திறப்பு விழா முடிந்த மறுநாள் அத்தயவுக்கு வேலை இல்லை. அந்தச் சாப்பாட்டின்போதுதான் பேச்சியம்மாளுக்கு இது முழுதாக விளங்கியது. கயிற்றுக்குப் பணிந்தாலும் லாரி வரும், பணியாவிட்டாலும் வரும். பணிந்தால் கிழங்கும் போகும்.

[இங்கே ஒரு முடிவை எழுதிப் பார்த்தேன். "பெண்கள் இருளில் சரிவில் ஏறி—" நிறுத்தினேன். இருளில் சர்க்கரைவள்ளி தோண்டினால் பாதிக் கிழங்கை மண்வெட்டி வெட்டிவிடும். வெட்டுப்பட்டது மூன்று நாள் தாங்காது. அன்றியும், தாங்கள் நட்டதைத் தாங்களே திருடுகிறவர்களாக அவர்களை எழுத எனக்கு விருப்பமில்லை.]

[இன்னொன்று. "அதிகாரி கயிற்றைத் தம் கையாலேயே அவிழ்த்து—" நிறுத்தினேன். சுற்றுலாப் பலகையில் அவர் பெயரையும் சேர்த்துவிடுவார்கள்.]

மாலையில் மேட்டுக் கிணற்றடியில் கூட்டத்தார், பேச்சியம்மாளையும் சேர்த்து இருபத்திரண்டு பேரும், சேர்ந்தார்கள்; குசினியிலிருந்து கிருஷ்ணம்மாவும் வந்தார். தோமஸ் கிராணி மறுநாள் சொல்ல வேண்டிய உத்தரவை அன்றே அங்கு வந்து சொன்னார். செவ்வாய்க்கிழமை, நவம்பர் 2, கயிறு ஒரு நாள் மட்டும் அவிழ்க்கப்படும். கூட்டம் முழுவதும் மண்வெட்டியோடு சரிவுக்குப் போய்க் களை எடுத்து, கொடியை ஒழுங்கு செய்ய வேண்டும். புதன்கிழமை விருந்தினர்.

"மம்பட்டியோட உள்ள போகச் சொல்றான்," என்றார் பேச்சியம்மாள் மெல்ல.

கிருஷ்ணம்மாவுக்கு உடனே புரிந்துவிட்டது. "வேணாங்க்கா. நீங்க சரிவத் தோண்டுனா என் அடுப்பு அணைஞ்சிரும். அந்தக் குசினிக் கஞ்சியிலதான் எம்புள்ளைங்க ரெண்டும் நிக்குதுங்க."

"ஒன் ரெண்டு நிக்குது. லயத்துல நாப்பது இருக்கே."

"நாப்பதையும் நானா பெத்தேன்?"

"பெத்திருந்தீன்னா குசினியில இருந்திருக்க மாட்ட. ஆஸ்பத்திரியில இருந்திருப்ப," என்றார் பின்னாலிருந்து ஒருவர். சிரிப்பு எழுந்தது, கிருஷ்ணம்மாவும் அடக்க முடியாமல் சிரித்துவிட்டு, அதற்காகவே மேலும் கோபப்பட்டார்.

"சிரிங்க. நாளைக்கு லாரி வந்தா அப்பவும் சிரிங்க. மரவள்ளியப் புடுங்குனப்ப ஆளுக்கொரு மூலையில வாயப் பொத்திக்கிட்டுத்தான நின்னோம்? இப்ப மட்டும் என்ன வந்துச்சு?"

 அவர் சொன்னது சரி.

தோமஸ் கிராணி தொண்டையைச் செருமினார். "ஒரு வழி இருக்கு. அறுவடைக் காட்சின்னு தொரகிட்ட நான் கேட்டுப் பாக்குறேன். செவ்வாக்கெழம வேணாம். புதன்கெழம, விருந்தாளிங்க முன்னால, நல்ல துணி உடுத்திக்கிட்டு, பாட்டுப் பாடிக்கிட்டே தோண்டுங்க. வெளியூர்க்காரனுக்கு அதெல்லாம் ரொம்பப் புடிக்கும். ஒரு கூடைய அவங்களுக்குக் குடுத்துட்டு மிச்சத்த லயத்துக்குக் கொண்டு வந்துரலாம். ஒருத்தர் மேலயும் குத்தம் வராது."

நல்ல வழி. ஒப்புக்கொள்கிறேன், இதை எழுதி முடித்தபோது கதை முடிந்துவிட்டதென்று நானே பேனாவை மூடினேன். குழந்தைகளுக்குக் கிழங்கு, அதிகாரிக்குக் காட்சி, விருந்தினருக்குப் பாட்டு. எல்லாருக்கும் நன்மை தரும் சுற்றுலா.

"என்ன பாட்டுப் பாடுறது, கிராணியாரே? எங்களுக்கு நல்லா வர்றது ஒப்பாரிதான்," என்றார் முன்பு பேசிய அதே பெண். இம்முறை எவரும் சிரிக்கவில்லை. எல்லாரும் பேச்சியம்மாளைப் பார்த்தார்கள்.

"நான் பசிக்குத் தோண்டுறத ஒருத்தன் நாக்காலி போட்டுப் பாக்கணுமா?" என்றார் பேச்சியம்மாள். குரலை உயர்த்தவில்லை. "ஒரு தடவ பாத்தான்னா மறு தடவையும் பாக்கணும்பான். அப்பறம் கெழங்கே இல்லாதப்பவும் தோண்டிக் காட்டச் சொல்லுவான். பாட்டு மட்டும் பாடிக்கிட்டு நிக்கணும்."

"பேச்சி, இது உசிரு விஷயம்."

"அதுக்குத்தான் சொல்றேன். களை எடுக்கப் போறோம், கெழங்க எடுத்துட்டு வர்றோம். நட்டவங்க எடுக்குறோம். இதுல காட்டுறதுக்கும் ஒண்ணுமில்ல, ஒளிக்கிறதுக்கும் ஒண்ணுமில்ல."

தோமஸ் கிராணி வாளியின் கயிற்றை விரலில் சுற்றினார், அவிழ்த்தார். "யாரு உத்தரவு குடுத்ததுன்னு என்னையக் கேப்பான்."

"எம் பேரச் சொல்லுங்க."

"ஒம் பேர மட்டுமா?"

பேச்சியம்மாள் கூட்டத்தைப் பார்த்தார். அதை அவர் சொல்ல முடியாது. மற்றவர்கள் சொல்ல வேண்டும்.  முதலில் ஒப்பாரிக்காரர், "எம் பேர ராஜம்மான்னு எழுதுங்க. போன தடவ ரோசம்மான்னு எழுதிப்புட்டீங்க," என்றார்.

6

நவம்பர் 2-க்குப் பிறகு என்ன நடந்தது என்று கேட்பீர்கள். எனக்குத் தெரியாது. கிருஷ்ணம்மா அன்று முழுவதும் குசினியை விட்டு வெளியே வரவில்லை என்றார். அதற்கு மேல் கேட்டபோது முகத்தைத் திருப்பிக்கொண்டார். புனைந்து நிரப்ப என்னால் முடியும். அடி, லாரி, அழுகை என ஒரு விதமாகவும், மன்னிப்பு, விருந்து என இன்னொரு விதமாகவும் எழுதத் தாள் இருக்கிறது. எழுத மறுக்கிறேன். எந்தத் தண்டனையை எழுதினாலும், படிப்பவர் அதை வைத்தே அவர்கள் செய்தது தகுமா தகாதா என்று தீர்ப்புச் சொல்லத் தொடங்குவார். அவர்கள் முடிவெடுத்தபோது பின்விளைவு எவருக்கும் தெரியாது. உங்களுக்கும் தெரிய வேண்டியதில்லை. தெரிந்தே ஆக வேண்டும் என்பவர் தாமே எழுதிக்கொள்ளலாம்; ஆனால் முதலில் தம்மைக் கயிற்றின் எந்தப் புறத்தில் நிறுத்துகிறார் என்பதைச் சொல்லிவிட்டு எழுத வேண்டும்.

கிணற்றடியில் முடிவானவை இவை.

செவ்வாய்க்கிழமை காலைப் பெரட்டு முடிந்ததும் கூட்டம் நேரே சரிவுக்குப் போகும். மேல் நிரையில் தொடங்கிக் கீழே இறங்கும். ஆளுக்கு ஒரு நிரை. கொடியை அறுத்து ஓரமாகச் சுருட்டி வைத்து, கிழங்கு வெட்டுப்படாமல் தோண்டும். பாட்டு இல்லை. காவலாள் கேட்டால், கிழங்கு முற்றிவிட்டது, எடுக்கிறோம் என்று அவருக்குச் சொல்லப்படும். தோண்டிய மண்ணைச் சமன் செய்யாமல் எவரும் கரையேறக் கூடாது. இதைச் சொன்னவர் பேச்சியம்மாள்.

தோமஸ் கிராணி பெரட்டுப் புத்தகத்தில் 'சரிவு வேலை' என்று எழுதி அதன்கீழ் இருபத்திரண்டு பெயர்களையும் எழுதுவார். கேட்டால், தமக்கு முன்பே தெரியும் என்று சொல்வார். இதை அவரே கேட்டுச் சேர்த்துக்கொண்டார். வீரமுத்து கடைசி நான்கு படிகளின் கல்லைத் திங்கட்கிழமை உடைத்துவிட்டு, புதுக்கல் வர ஒரு வாரம் ஆகும் என்று சொல்வார்.

கிழங்கு முதலில் குழந்தைகள் உள்ள வீடுகளுக்கு, பிறகு, ஆண்களை லாரி கொண்டுபோன வீடுகளுக்கு, மிஞ்சினால் மற்றவர்களுக்கு. தண்டில் பாதியை மழைக்கு முன் லயத்துக்குப் பின்னால் நடுவது.

கிருஷ்ணம்மா சம்மதிக்கவில்லை. அன்று குசினிக்குப் போவதாகவும், எவர் கேட்டாலும் தனக்கு ஒன்றும் தெரியாது என்று சொல்வதாகவும் கூறிவிட்டு, குடத்தை எடுத்துக்கொண்டு முதல் ஆளாக இறங்கிப் போனார். அவருக்கும் பிள்ளைகள் இரண்டு இருப்பதால், அவர் பங்கை அவர் வீட்டு வாசலில் வைத்துவிட்டு வருவது என்று முடிவாயிற்று.